சீனிக் கோடும் சிவப்புப் பொட்டு டம்ளரும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வண்டியூரில் எங்கள் தெருவில் எனக்கு இருந்த மரியாதை ஒரு தாசில்தாருக்குக்கூட இருந்திருக்காது. காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால், போகிறவர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "என்னண்ணே, இந்த மாசம் எப்பப் போடுறீக?" என்று கேட்பார். எதை என்று சொல்ல வேண்டியதில்லை, சீனியைத்தான். ரேஷன் கடைகளுக்குச் சரக்கு ஒதுக்கும் அலுவலகத்தில் நான் எழுத்தர். ஆகவே கடையில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனி மூட்டையும் என் கையசைவில்தான் இறங்குகிறது என்று தெரு நம்பியது. நான் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. "மேல பேசிட்டிருக்கேன், வந்துரும்" என்று நுரை வழியும் வாயோடு சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மேலே யாரிடமும் நான் பேசியதில்லை. மேலே இருந்தவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த ஒரு தகுதிக்காக, வருஷா வருஷம் பெரிய அதிகாரிகள் கூடும் கூட்டத்துக்குச் சுவரில் மாட்ட ஒரு வரைபடம் போடும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். நாட்டில் ஆளுக்கு எவ்வளவு இனிப்பு கிடைக்கிறது என்று காட்டும் படம். சீனிக்குச் சிவப்புக் கோடு, வெல்லத்துக்குப் பழுப்பு, கருப்பட்டிக்குக் கறுப்பு. சிவப்புக் கோடு ஏறும். எப்போதாவது மழை பொய்த்துக் கரும்பு காய்ந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறும். பழுப்பு தயங்கித் தயங்கி இறங்கும். கறுப்பு தரையோடு படுத்தே கிடக்கும். சிவப்புப் பென்சிலை அழுத்திப் பிடித்து அந்தக் கோட்டை மேலே இழுக்கும்போது, இந்தியத் திருநாட்டையே நான்தான் கைதூக்கி விடுகிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கிறுக்குப் பயல்.

இந்த நினைப்பால் வீட்டுக்கு ஒரு கரண்டி சீனி கூடுதலாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா" என்று தெருக்கோடியில் பேசிக்கொண்டார்கள். என் மனைவியோ அதே ரேஷன் வரிசையில், அதே வெயிலில், பையோடு நின்றாள். "ஊருக்குக் காட்டத்தான் நிக்கிறாக" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். நான் அதையும் மறுக்கவில்லை. மறுத்தால் மரியாதை போய்விடுமே.

அந்தக் காலத்தில் சீனி என்றால் கௌரவம். கருப்பட்டிக் காப்பி வீட்டு ஆட்களுக்கு, சீனிக் காப்பி வந்தவர்களுக்கு. வந்தவர் குடித்து முடிக்கும்போது டம்ளரின் அடியில் கரையாத சீனி கொஞ்சம் தங்கிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குப் போய், "சீனிய எண்ணிப் போட்டிருக்காக" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஒரே மகள் அப்போது சின்னப் பிள்ளை. விருந்தாளி யாராவது வந்த நாளில் அவளுக்கும் அரை டம்ளர் சீனிக் காப்பி கிடைக்கும். காப்பியை மட்டும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் சீனியை அப்படியே கொண்டுவந்து என்னிடம் நீட்டுவாள். நான் ஆட்காட்டி விரலால் வழித்துத் தின்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "வெல்லம் திங்கிறது ஒருத்தன், விரல் சூப்புறது ஒருத்தன்னு சொல்வாக. நீங்க ரெண்டையும் ஒரே ஆளாச் செஞ்சிர்றீங்க" என்பாள் மனைவி.

அப்புறம் சீனி மலிந்தது. எந்த வருஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு நாள் பார்த்தால் மளிகைக் கடை வாசலில் மூட்டையை வாய் பிரித்து வைத்திருந்தார்கள், கேட்டவர்களுக்குக் கேட்ட அளவு. தெருமுனையில் பேக்கரி வந்தது. பிறந்தநாளைக்குக் கேக் வெட்டாத பிள்ளையை மற்ற பிள்ளைகள் பரிதாபமாகப் பார்த்தன. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் கலர் பாட்டில் வந்து நின்றது. என் சிவப்புக் கோடு காகிதத்தின் மேல் விளிம்பை முட்டியது. ஒரு வருஷம் ஓரத்தில் போட்டிருந்த அளவை மாற்றிப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. எல்லாம் நல்ல சேதிதான். ஒரே ஒரு குறை, காலையில் சைக்கிளை நிறுத்தி யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. நுரை வழியும் வாயோடு வாசலில் நின்று பார்த்தேன். "என்னண்ணே, வழிய விடுங்க" என்றார்கள்.

மரியாதை போன துக்கத்தை நான் தின்று ஆற்றினேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு ஜிகர்தண்டா, பேக்கரியில் ஒரு கிரீம் பன், வீட்டில் அடியில் சீனி தங்கிய காப்பி. ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு மாதமும் வந்த அளவை அவர் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்துக் காட்டினார். பார்த்த கோடு போல இருந்தது. "நம்ம ஆபீஸ் படம் மாதிரியே இருக்கு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சுகர் வந்தவனுக்கு அறிவு வருமா? எனக்கு ஆராய்ச்சி வந்தது. கருப்பட்டி மருந்து என்று கண்டுபிடித்தேன். வாழ்நாள் முழுக்க நான் காகிதத்தின் தரையில் படுக்கப் போட்டிருந்த அந்தக் கறுப்புக் கோட்டுச் சரக்கு, அதற்குள் சீனியைவிட விலை ஏறி, ஓலைக்கொட்டானில் கண்ணியமாக உட்கார்ந்திருந்தது. அதை வாங்கி வந்து ரெண்டு பங்காகப் போட்டுக் குடித்தேன். டாக்டர், "கருப்பட்டி என்ன பாகற்காயா?" என்று கேட்டார். அடுத்து சித்திரைத் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் அழகருக்குச் சர்க்கரைச் செம்பு எடுப்போம்; செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரையைப் போட்டு, வாழையிலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் கொளுத்திக் காட்டிவிட்டு, சுற்றி நிற்பவர்களுக்குக் கையில் அள்ளிக் கொடுப்போம். சாமி பெயரைச் சொல்லித் தின்றால் சுகர் ஏறாது என்பது என் அடுத்த கண்டுபிடிப்பு. வைகைக்குள் நின்றுகொண்டு தெரிந்த செம்பு, தெரியாத செம்பு எல்லாவற்றிலும் கை நீட்டினேன். அடுத்த பரிசோதனையில் டாக்டரின் கோடு தாளை விட்டே வெளியே போயிற்று.

இவ்வளவும் என் உடம்போடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மகள் கல்யாண வயதில் நின்றாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். திருமங்கலத்திலிருந்து நல்ல இடம் ஒன்று கூடி வந்திருந்தது. அந்த நேரத்தில் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற வந்தவனிடம், கையை இலைக்கு மேலே விரித்து, "வேணாம்ப்பா, எனக்கு சுகர்" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் அதைச் சொல்வதில் ஒரு பெருமிதம் இருந்தது, வசதியான வீட்டு வியாதியாயிற்றே. அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தது அந்தத் திருமங்கலத்து மாப்பிள்ளையின் அத்தை. வாரம் முடிவதற்குள் ஆள் வந்துவிட்டது. "அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும் இறங்கும்னு பயப்படுறாக, தப்பா நெனைக்காதீக." நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

மனைவி சொன்னாள். "ஒங்க வாயில போட வேண்டியது சீனியும் இல்ல, கருப்பட்டியும் இல்ல. பூட்டு." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுகர் என்ற சொல்லே கிடையாது. மாத்திரையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் விழுங்குவேன். யாராவது வந்தால் எல்லோருக்கும் ஒரே தட்டில் காப்பி வரும். என்னுடையது மட்டும் சீனி போடாதது. அது மாறிவிடாமல் இருக்க, மகள் தன் நகப்பாலிஷை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு வைத்திருந்தாள். நல்ல வேளை, பந்தியில் நான் சொன்னது அந்த அத்தை வீட்டோடு நின்றிருந்தது; எங்கள் கூடப் பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. முக்கியமாக, மனைவியின் அண்ணனுக்குத் தெரியவே கூடாது. அவர் உசிலம்பட்டி ரூட்டில் பஸ் கண்டக்டர். அவர் காதில் விழுந்தது ஆண்டிபட்டி வரைக்கும் இறங்கும்.

அந்த மச்சான்தான் அடுத்த இடத்தையும் கொண்டுவந்தார். "மாப்ள, பையன் தங்கம். உசிலம்பட்டியில டிராக்டர் பட்டறை வச்சிருக்கான். அப்பா அம்மா மானாவாரிக் காடு, மாடு கன்னுன்னு இருக்காக. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்று போட்டோவைக் கொடுத்தார். மகளிடம் காட்டினோம். திருமங்கலத்துப் போட்டோவைப் பார்த்தபோது "பாப்போம்" என்றவள், இந்தப் போட்டோவைப் பார்த்து "ஒங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தர மறந்துபோனாள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், யாரும் சொல்லாமலே எல்லா டம்ளரையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீங்க எதையாச்சும் கெடுத்தீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். இந்த இடமும் என்னால் போனால் அந்தப் பிள்ளை முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

மனைவி திட்டம் போட்டாள். அவர்கள் முன்னால் நான் கேசரி சாப்பிட வேண்டும். ஒரே ஒரு கரண்டி. அதைப் பார்த்த பிறகு எனக்கு சுகர் என்று யார் சொன்னாலும் எடுபடாது. கரும்பு தின்னக் கூலியா? நான் உடனே சம்மதித்தேன்.

இங்கே எங்கள் பக்கத்து முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பலகாரமும் காப்பியும் முன்னால் வைத்திருக்கும். மாப்பிள்ளையின் அப்பா முதலில் எடுத்து வாயில் வைத்துவிட்டால் சம்மதம். பிறகு அவர்கள் ஆட்கள் எல்லோரும் எடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிப் பெண்ணை நோகடிக்க மாட்டார்கள். எதையும் தொடாமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லிவிடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி எதுவும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன், அப்பா, அம்மா, மூன்று பேர். அப்பா கறுத்து உயர்ந்த மனிதர், வெள்ளை மீசை. வலது காலைச் சற்றே தாங்கித் தாங்கி நடந்தார். பெரிய மனுஷத் தோரணையில் பேச்சைத் தொடங்கி வைக்க நினைத்து, "கால்ல என்ன, மாடு முட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"அப்புடித்தான்னு வச்சுக்கங்க" என்றார்.

மகள் வந்து கும்பிட்டாள். பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார்த்திக் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குறம்மா?" என்று கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பையன் டிராக்டரைத் தவிர வேறு எதையும் நேராகப் பார்த்துப் பழகாதவன் போலத் தரையையே பார்த்தான். ஆனால் மகள் எழுந்து உள்ளே போனபோது கண் கூடவே போனது. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், டிக்கெட் கிழித்தாயிற்று என்ற மாதிரி.

கேசரி வந்தது. நெய் மினுங்க, முந்திரி தலை நீட்டிக்கொண்டு. எல்லோர் முன்னாலும் ஒரு தட்டு. வந்தவர் தொடும் முன்னே வீட்டுக்காரன் தொடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்று அது மறந்துவிட்டது. திட்டம் மட்டும் நினைவிருந்தது. கேசரியை ஒரு கரண்டி எடுத்து முதல் ஆளாக வாயில் போட்டுக்கொண்டேன். எத்தனை மாதம் கழித்து! கண்ணை மூடிவிட்டேன் என்று பிற்பாடு மனைவி சொன்னாள். கண்ணைத் திறந்தபோது மச்சான் என்னை முறைத்துக்கொண்டிருந்தார், மாப்பிள்ளையின் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை எடுக்கவில்லை. பையனின் அம்மா தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துக்கங்க" என்றேன்.

"இருக்கட்டும்."

"காப்பியாவது..."

"தண்ணி மட்டும் போதும்ங்க."

மனைவி கதவோரம் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மச்சான், "அண்ணே, ஒரு வாய், பிள்ளை கையால செஞ்சது" என்று குனிந்து கெஞ்சினார். மாப்பிள்ளையின் அப்பா அந்த வலது காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு, "சாப்ட்டதா வச்சுக்கங்க" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ரத்தத்தில் என்னென்ன கலந்திருந்ததோ. என் மகளை, இப்போதுதான் கையைப் பிடித்துப் பேசிவிட்டு, வேண்டாம் என்கிறார்கள். அதைக் கேசரி மேல் சாக்கு வைத்துச் சொல்கிறார்கள். கோபத்தில் இன்னொரு கரண்டி கேசரியை எடுத்து வாயில் போட்டேன். "வச்சுக்கிறதாவது? எங்க வீட்டுச் சீனி என்ன கசக்குமா? நான் இந்த ஜில்லாவுக்கே சீனி அளந்தவன்" என்றேன். கோடு போட்டவன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்.

"அதுக்கில்லங்க" என்றார் அவர்.

"எதுக்குன்னு எங்களுக்கும் தெரியும். பிடிக்கலைன்னா நேராச் சொல்லிட்டுப் போங்க. எம் பிள்ளைக்கு ஒண்ணும் மாப்பிள்ளைப் பஞ்சம் வந்துறலை." மூன்றாவது கரண்டி எப்போது என் வாய்க்குள் போனது என்று எனக்கே தெரியாது. மனைவி அங்கிருந்து கண்ணாலேயே என் கழுத்தை நெரித்தாள். பையன் நிமிர்ந்து அவன் அப்பாவைப் பார்த்து, "யப்பா" என்று ஏதோ தொடங்கினான். அவர் கையமர்த்திவிட்டு எழுந்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது. "நாங்க ஊருக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியம் முடிந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதற்குள் மகள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். தட்டு இல்லை, கையில் ஒற்றை டம்ளர். ஓரத்தில் சிவப்புப் பொட்டு. நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இது சீனி போடாதது" என்றாள். "எங்க அப்பாவுக்குன்னு போட்டது. அவருக்கும் சுகர்தான். ரொம்ப நாளா இருக்கு."

நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது நடுக்கூடத்தில் வந்து விழுந்துவிட்டது. மச்சான் "என்னது?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆண்டிபட்டி வரைக்கும் போகப் போகிறது என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது. மறுத்துப் பேச வாய் திறந்தால் கேசரி. நீட்டிய கையை மகள் பின்னால் எடுக்கவில்லை.

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

சுகர் உள்ளவன் மட்டும்தான் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்பான். "கொஞ்சந்தான்" என்றேன்.

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"ரெண்டும் கொஞ்சமில்லண்ணே" என்றாள் கதவோரத்திலிருந்து என் மனைவி. "சும்மா சொல்றாரு."

அவர் உட்கார்ந்துவிட்டார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பையனின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேசரியை எடுத்து வாயில் வைத்தார். கை நனைந்துவிட்டது. மச்சானுக்குத்தான் முதலில் உறைத்தது. "பாக்கு வெத்தலைய எடுங்க" என்று சத்தம் போட்டார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னார். போன வருஷம் காட்டில் காலில் முள் குத்தியிருக்கிறது. ஆறவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் சுகர் என்று சொல்லி ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். "இவன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான், இனிப்பத் தொடக்கூடாதுன்னு. இவனுக்குப் பொண்ணு பாக்க வந்த எடத்துல எப்புடிங்க மீறுறது? இருக்குன்னு சொன்னாலும் நீங்க பொண்ணு குடுக்க மாட்டீகளேன்னு ஒரு பயம்." மாடு முட்டியதாக வைத்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கால் தாங்குவதைப் பார்த்தேன், கேசரியைத் தொடாததைப் பார்த்தேன், தண்ணீர் கேட்டதைக் கேட்டேன். இருந்தும் தோன்றவில்லை. சுகர் என்பது என்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருவது, மாடு கன்றோடு திரிகிறவருக்கு எங்கே வரும் என்றிருந்தேன். வீடு வீடாகச் சீனி போய்ச் சேர்ந்துவிட்டது என்று வருஷா வருஷம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுச் சுவரில் மாட்டியவன் நான். அந்தக் கோடு உசிலம்பட்டிக்கும் போயிருக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. "நான் பேசுனத மனசுல வச்சுக்காதீக" என்றேன்.

"பேசலைன்னு வச்சுக்கிறேன்" என்றார். "ஆனா மூணு கரண்டி கேசரி தின்னீக பாருங்க, அத அப்புடி வச்சுக்க முடியாது. ராத்திரிக்குள்ள ஒரு நட நடந்துருங்க."

அவர்கள் போன பிறகு மனைவி அழகர்கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் அடுக்களைக்குப் போனேன். மகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"அவருக்கு சுகர்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"அவரு கேசரியப் பாத்தாரில்ல, நீங்க பாக்குற மாதிரியேதான் பாத்தாரு."

"சரி, அது தப்பாப் போயிருந்தா? இல்ல, எனக்கு இருக்குன்னு தெரிஞ்சு அவுக எந்திரிச்சுப் போயிருந்தா? பிடிச்ச இடத்த இப்புடியா பணயம் வைக்கிறது?"

அவள் தலை நிமிரவில்லை. சிவப்புப் பொட்டு அழிந்துவிடாமல் அந்த டம்ளரை விரலால் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போனா, நாளைக்கு நீங்க அங்க என்னையப் பாக்க வருவீங்கள்ல. அவுக முன்னாடி ஒங்களுக்குச் சீனி போட்ட காப்பியத்தானப்பா நான் குடுக்கணும்" என்றாள். "எங் கையால எப்புடிக் குடுப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. மனைவி ஓடிவந்து என்ன என்று கேட்டாள். மூன்று கரண்டி கேசரி தின்ற மயக்கம் என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டு மாத்திரையைத் தேடப் போனாள்.